கணினிக்குள் ஒரு கணினி: தொடக்கியும் அதன் தொழிலும்

மின்விசையை அழுத்துகிறோம். சில வினாடிகளில் கணினியின் திரை ஒளிர்ந்து, நாம் பழகிய படங்களும் பெயர்களும் தோன்றுகின்றன. அந்தச் சில வினாடிகளுக்குள் நடைபெறுவது யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் பாடசாலைக்கு வரும் மாணவன் வாயிற்கதவு எவ்வாறு திறந்திருக்கின்றது என்று எண்ணிப் பாராதது போன்றதே இதுவும். ஆயினும் ஒருநாள் அக்கதவு திறவாது போனால் அன்று பாடசாலையே இல்லை.

அத்தொடக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கணினியைத் தொடக்கி வைக்கும் சிறு நிரல் யாது, அதனை நமது விருப்பப்படி அமைப்பது எங்ஙனம், வீட்டிலுள்ள கணினிக்குத் தீங்கு நேராவண்ணம் ஒரு மெய்நிகர் கணினியினுள் அதனைப் பயில்வது எங்ஙனம் என்பவற்றை மாணவர்களுக்கு விளக்குவது இதன் முதல் நோக்கமாகும். பெற்றோர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நம் வீட்டு அலுமாரிகளில் உறங்கும் பழைய தட்டுகளில் நம் தமிழ் இருக்கின்றது. அதனை மீட்கும் வழிகளுள் ஒன்று இக்கல்வியினூடாகவே செல்கின்றது.

காவலாளியும் கடமை ஆசிரியரும்

கணினியின் நினைவகம் மின்சாரம் நின்றதும் வெறுமையாகிவிடும். ஆகவே விழித்தெழும் கணினி பிறந்த குழந்தையைப் போன்றது. அதற்கு ஒன்றுமே தெரியாது. அதனை ஆளும் இயங்குதளம், அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெருநிரல், வன்தட்டில் இருக்கின்றது. வன்தட்டை வாசிப்பதற்கோ இயங்குதளம் வேண்டும். திறப்பை உள்ளே வைத்து அறையைப் பூட்டிவிட்ட நிலை இது.

இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகவே கணினியின் தாய்ப்பலகையில் அழியாத சில்லு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதில் எழுதப்பட்ட சிறு நிரலைப் பயோஸ் என்பர். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இடம்பெற்ற இம்முறை பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது.

பாடசாலை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதிகாலையில் காவலாளி வந்து வாயிலைத் திறக்கிறார். விளக்கு எரிகின்றதா, தண்ணீர் வருகின்றதா என்று பார்க்கிறார். அவருக்குப் பாடம் நடத்தத் தெரியாது, நேரசூசியும் தெரியாது. அவர் அறிந்ததெல்லாம் அலுவலகக் கதவைத் திறந்து கடமை ஆசிரியரை உள்ளே விடுவதுதான். கடமை ஆசிரியர் பட்டியலைப் பார்த்து, இன்று பொறுப்பேற்பவர் யார் என்று அறிந்து அவரை அழைத்து வருகிறார். அதிபர் வந்து அமர்ந்ததும் மற்றிருவரின் முதல் வேலை முடிந்துவிடுகின்றது.

இங்கே காவலாளி பயோஸ். அதிபர் இயங்குதளம். இடையில் நிற்கும் கடமை ஆசிரியரே நமது கட்டுரையின் தலைவர். ஆங்கிலத்தில் பூட் லோடர் எனப்படும் அவரை நாம் தொடக்கி என்று அழைப்போம். தன் சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னையே மேலே தூக்குதல் என்னும் ஆங்கில வேடிக்கைத் தொடரிலிருந்தே பூட் என்ற சொல் கணினித் துறைக்கு வந்தது. திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிய கதையும் அதுவும் ஒன்றே.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைற்றுகள்

பயோஸ் நினைவகத்தையும் விசைப்பலகையையும் பிற உறுப்புகளையும் சோதித்த பின்னர், தொடங்கவேண்டிய தட்டின் முதற் கூற்றை மட்டும் வாசிக்கின்றது. அக்கூற்றின் அளவு 512 பைற்றுகள். அதற்கு மேல் ஒன்றையும் அது தானாக வாசிப்பதில்லை.

அந்த 512 பைற்றுகளும் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் 446 பைற்றுகளில் தொடக்கியின் முதற் பகுதி இருக்கும். அடுத்த 64 பைற்றுகள் தட்டு எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதைக் கூறும் அட்டவணை. ஒரு பங்குக்கு 16 பைற்றுகள் வீதம் நான்கு பங்குகளுக்கே அதில் இடமுண்டு. இறுதி இரண்டு பைற்றுகளில் 85, 170 என்னும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை ஒரு முத்திரை போன்றவை. முத்திரை இல்லாத தட்டைத் தொடங்கத் தகாதது என்று பயோஸ் ஒதுக்கிவிடும்.

85, 170 என்பவற்றை இரும எண்களாக எழுதிப் பாருங்கள். 85 என்பது 01010101 ஆகும். 170 என்பது 10101010 ஆகும். ஒன்று மற்றொன்றின் எதிருருவம். இரண்டையும் கூட்டினால் 255, அதாவது ஒரு பைற்று ஏற்கக்கூடிய மிகப்பெரிய எண் கிடைக்கும்.

446 பைற்றுகள் என்பது எவ்வளவு சிறிய இடம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இன்று இணையத்தில் வழங்கும் யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைற்றுகள் தேவை. ஆகவே அந்த இடத்தில் தமிழில் எழுதப் புகுந்தால் 148 குறியீடுகளே அடங்கும். நாலைந்து வரிகளுக்கு மேல் தேறாது. இத்துணைச் சிறிய இடத்திலிருந்து ஒரு பேரியங்குதளம் எழும்பவேண்டும். அதனாலேயே தொடக்கிகள் படிப்படியாக வேலை செய்கின்றன. முதற் சிறு பகுதி, சற்றுப் பெரிய இரண்டாம் பகுதியை அழைக்கும். இரண்டாம் பகுதி கோப்புகளை வாசிக்கும் ஆற்றல் பெற்றிருக்கும். அது தனது பட்டியலை வாசித்துத் திரையில் காட்டி, நமது விருப்பத்தைக் கேட்கும்.

கிரப் என்னும் தொடக்கி

தொடக்கிகளுள் இன்று பரவலாக வழங்குவது கிரப் என்பதாகும். பெரும் ஒன்றிணைந்த தொடக்கி என்று அதன் பெயரை விரித்துரைக்கலாம். எரிக் போலின் என்பவர் 1995ஆம் ஆண்டு குனு ஹேர்ட் என்னும் இயங்குதளத்தைத் தொடக்குவதற்காக அதனை எழுதினார். 1999ஆம் ஆண்டு அது குனு திட்டத்தின் அதிகாரபூர்வ நிரல்களுள் ஒன்றாயிற்று. பின்னர் புதிதாக எழுதப்பட்ட இரண்டாம் கிரப், 2012ஆம் ஆண்டு 2.00 என்னும் பதிப்பாக வெளிவந்தது. லினக்ஸின் பல வகைகள் அதனையே பயன்படுத்துகின்றன.

ஒரே கணினியில் இரண்டு மூன்று இயங்குதளங்கள் குடியிருக்கும்போது கிரப்பின் அருமை விளங்கும். எல்லா அதிபர்களையும் அதற்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸை அதுவே நினைவகத்தில் ஏற்றிவிடும். டொஸ் போன்ற பழைய இயங்குதளமாயின், அதற்குரிய தொடக்கியை எடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இவ்வாறு ஒரு தொடக்கி மற்றொரு தொடக்கியை அழைப்பதைச் சங்கிலித் தொடக்கம் என்பர்.

இன்றைய கணினிகளிற் பயோஸ் இருந்த இடத்தில் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய காவலாளி பணியாற்றுகிறார். இவர் எழுத்தறிவு பெற்றவர். 512 பைற்றுகளோடு நின்றுவிடாமல், அதற்கென ஒதுக்கப்பட்ட பங்கிலுள்ள கோப்புகளைப் பெயர் சொல்லித் தேடி வாசிக்க வல்லவர். கிரப் இவருடனும் இணங்கி நடக்கும். ஆனால் டொஸும், விண்டோஸ் 98 போன்ற பழைய இயங்குதளங்களும் இவரை அறியா. பழையவற்றை இன்றைய கணினியிற் நேரே ஓட்டுவது கடினமாகியதற்கு இது ஒரு காரணம். நெகிழ்தட்டு வாசிப்பான் இன்றைய கணினிகளில் இல்லாமை மற்றொரு காரணம்.

மெய்நிகர் கணினி

இனிக் கணினிக்குள் ஒரு கணினி என்பதன் பொருளைக் காண்போம். கூத்து மேடையில் ஒருவர் முடி தரித்து வருகிறார். எதிரே நிற்கும் மந்திரி அவரை அரசர் என்றே வணங்குகிறார். அவர் தரும் கட்டளையை ஏற்று நடக்கிறார். மேடையின் எல்லைக்குள் அவர் அரசரே. மெய்நிகர் கணினியும் அத்தகையது. அது இரும்பாலும் சில்லுகளாலும் ஆனதன்று. கணினி வேடம் பூண்ட ஒரு நிரல் அது. அதனுள் ஏற்றப்படும் இயங்குதளம், வன்தட்டு எங்கே என்று கேட்டால், உங்கள் மெய்யான தட்டிலுள்ள ஒரு கோப்பைக் காட்டி இதுவே வன்தட்டு என்று விடையிறுக்கும். திரை எங்கே என்றால் ஒரு சிறு சாளரத்தைக் காட்டும். உள்ளிருக்கும் இயங்குதளம் தான் மெய்யான கணினியொன்றை ஆள்வதாகவே நம்பிச் செயற்படும்.

இக்கருத்து புதியதன்று. ஓர் இயந்திரம் மற்றெல்லா இயந்திரங்களையும் போல நடந்துகொள்ள இயலும் என்பதை அலன் ரூரிங் 1936ஆம் ஆண்டிலேயே கணிதவழி காட்டினார். ஐ.பி.எம். நிறுவனம் தனது பெருங்கணினிகளில் ஒரே நேரத்தில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் நிரலை 1972ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வீட்டுக் கணினியிலேயே இதனைச் செய்யலாம். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெலார்ட் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கியூ-எமு என்னும் நிரல் இலவசமாகக் கிடைக்கின்றது. சீபயோஸ் என்னும் திறந்த நிரலைப் பயோஸாக அது தன்னுள் வைத்திருக்கின்றது. எனவே 1990களின் கணினி எவ்வாறு விழித்ததோ அவ்வாறே அதனுள்ளிருக்கும் கணினியும் விழிக்கும்.

மாணவர்களுக்கு இதனால் விளையும் நன்மை பெரிது. தொடக்கியை மாற்றியமைக்கும்போது ஒரு வரி தவறினால் கணினி தொடங்காமற் போகலாம். அது தந்தையாரின் அலுவலகக் கணினியாயின் அதன் பின் நடப்பதை நான் கூறவேண்டியதில்லை. மெய்நிகர் கணினியிலோ பழுதடைவது ஒரு கோப்பு மட்டுமே. முன்கூட்டியே அக்கோப்பின் படியொன்றை எடுத்து வைத்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு மீளலாம். மணலில் எழுதிப் பழகிய பின்னர் ஏட்டில் எழுதிய நம் முன்னோரின் கல்விமுறையும் இதுவேயன்றோ.

செய்து பார்ப்போம்

டெபியன் என்னும் லினக்ஸையும் பிறீடொஸையும் ஒரே மெய்நிகர் கணினியில் வைத்து, தொடங்கும்போது வேண்டியதைத் தெரிவு செய்யும் முறையைக் காண்போம். பிறீடொஸ் என்பது ஜிம் ஹோல் என்பவர் 1994ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் உருவான, பழைய டொஸுக்கு நிகரான இலவச இயங்குதளமாகும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும். அவை அந்தந்த நிரலின் கைந்நூலில் உள்ளன. இங்கே அவற்றின் பொருளை விளக்குகிறேன். பொருள் விளங்கினால் கட்டளை தானே மனத்தில் நிற்கும்.

முதலாவது படி, தட்டுகளை உருவாக்குதல். கியூ-எமுவுடன் வரும் துணைநிரலைக் கொண்டு இரண்டு தட்டுக் கோப்புகளை ஆக்குக. லினக்ஸுக்கு 20 கிகாபைற்றும் பிறீடொஸுக்கு 1 கிகாபைற்றும் போதும். அவற்றைக் கியூ-எமுவுக்கே உரிய கோப்பு வகையில் அமைத்தால், 20 கிகாபைற்று என்று பெயரிட்ட கோப்பும் ஆரம்பத்தில் மிகச் சிறிய இடத்தையே பிடிக்கும். உள்ளே எழுத எழுதவே அது வளரும்.

இரண்டாவது படி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுவுதல். முதலில் பிறீடொஸின் தட்டை மட்டும் இணைத்து, அதன் நிறுவல் குறுவட்டுக் கோப்பிலிருந்து மெய்நிகர் கணினியைத் தொடக்கி அதனை நிறுவுக. பின்னர் அத்தட்டைக் கழற்றிவிட்டு, டெபியனின் தட்டை மட்டும் இணைத்து, 2 கிகாபைற்று நினைவகம் ஒதுக்கி அதனை நிறுவுக. ஒன்றை நிறுவும்போது மற்றையது இணைக்கப்படாமையால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் அச்சம் இல்லை. பழைய இயங்குதளங்கள் முதற் கூற்றில் தம் தொடக்கியை எழுதும்போது அங்கே முன்னர் யார் குடியிருந்தார் என்று கேட்பதில்லை என்பதை நினைவிற் கொள்க. டெபியன் நிறுவப்படும்போது கிரப்பை எங்கே எழுதுவது என்று வினவும். முதல் வன்தட்டு என்று விடை கூறுக.

மூன்றாவது படி, இரண்டு தட்டுகளையும் ஒருங்கே இணைத்தல். டெபியனின் தட்டு முதலாவதாகவும் பிறீடொஸின் தட்டு இரண்டாவதாகவும் இருக்கவேண்டும். இப்போது தொடக்கினால் கிரப்பின் பட்டியலில் டெபியன் மட்டும் காணப்படும். பிற இயங்குதளங்களைத் தானே தேடும் வழக்கத்தை, 2021ஆம் ஆண்டு வெளிவந்த 2.06 பதிப்பு முதலாகக் கிரப் பாதுகாப்புக் கருதி நிறுத்திவிட்டது. ஆகவே பிறீடொஸை நாமே பட்டியலிற் சேர்க்கவேண்டும்.

நான்காவது படி, பட்டியலை எழுதுதல். டெபியனுள் நுழைந்து, மேலாளர் உரிமையுடன், கிரப்பின் கோப்புறையில் நமது சொந்தப் பதிவுகளுக்கென ஒதுக்கப்பட்ட நாற்பதாம் எண்ணுடைய கோப்பைத் திறக்குக. அதன் இறுதியில் பட்டியற் பதிவு ஒன்றை எழுதுக. அப்பதிவில் ஒரு பெயரும் அதன்கீழ் மூன்று வரிகளும் இருக்கும்.

முதல் வரி, எந்தத் தட்டின் எந்தப் பங்கு என்று சுட்டுவது. இங்கே மாணவர்கள் விழிப்பாக இருக்கவேண்டும். கிரப் தட்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ணும். பங்குகளை ஒன்றிலிருந்து எண்ணும். எனவே முதற் தட்டு சுழியமாவதால் இரண்டாம் தட்டின் முதற் பங்கு என்பதை ஒன்று, காற்புள்ளி, ஒன்று என எழுதவேண்டும். பழைய முதற் கிரப் இரண்டையுமே சுழியத்திலிருந்து எண்ணியது. பழைய நூலைப் பார்த்துப் புதிய கிரப்பை அமைப்போர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்திலேயே.

இரண்டாம் வரி, தட்டுகளை இடம் மாற்றிக் காட்டுவது. டொஸ் வகை இயங்குதளங்கள் தாம் முதற் தட்டிலேயே இருப்பதாக எண்ணும் இயல்புடையவை. முதற் கதிரையன்றி வேறெதிலும் அமராத சிலரைச் சபைகளிற் கண்டிருப்பீர்கள். அவர்களுக்காகக் கதிரைகளைத் தூக்கி மாற்றாமல், இலக்கங்களை மட்டும் மாற்றி ஒட்டிவிடுவது போன்ற வேலையை இவ்வரி செய்கின்றது. முதற் தட்டு இரண்டாவதாகவும் இரண்டாவது முதலாவதாகவும் டொஸின் கண்ணுக்குத் தோன்றும். தட்டிலுள்ள எதுவும் மாறுவதில்லை.

மூன்றாம் வரி, சங்கிலித் தொடக்கம். சுட்டிய பங்கின் முதற் கூற்றை எடுத்து, அங்குள்ள தொடக்கியிடம் பொறுப்பை ஒப்படைப்பாயாக என்பது இதன் பொருள்.

ஐந்தாவது படி, பொதுவிருப்பங்களை அமைத்தல். இயல்பாகத் தொடங்கவேண்டிய பதிவின் எண், அதற்கு முன் காத்திருக்கவேண்டிய வினாடிகள் என்பன மற்றொரு கோப்பில் உள்ளன. பதிவுகளும் சுழியத்திலிருந்தே எண்ணப்படும். காத்திருக்கும் நேரத்தைப் 10 என்று வைத்தால் பட்டியல் பத்து வினாடிகள் திரையில் நிற்கும். சுழியம் என்றால் காத்திராது. ஒன்றுக்கு முன் கழித்தற்குறி இட்டால் நாம் தெரிவு செய்யும்வரை எத்துணை நேரமாயினும் நிற்கும்.

ஆறாவது படி, புதுப்பித்தல். மேற்கூறிய இரு கோப்புகளையும் திருத்தியதால் மட்டும் ஒன்றும் நிகழாது. புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தால், கிரப் அவற்றை வாசித்துத் தான் மெய்யாகப் பயன்படுத்தும் இறுதிக் கோப்பை எழுதிக்கொள்ளும். அந்த இறுதிக் கோப்பில் நாம் கை வைத்தலாகாது. அடுத்த புதுப்பித்தலின்போது நம் திருத்தம் அழிந்துபோகும்.

இனி மெய்நிகர் கணினியை மீளத் தொடக்குக. இரண்டு பெயர்கள் தோன்றும். அம்புக்குறியால் ஒன்றைத் தெரிவு செய்து உள்ளிடு விசையை அழுத்துக.

தொடங்க மறுத்தால்

பிழைச் செய்தி என்பது கணினியின் கோபமன்று. எத்தனையாம் படியில் நின்றுவிட்டது என்று அது தெரிவிக்கின்றது. அதனை வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கத்தக்க தட்டு இல்லை என்று வந்தால், காவலாளியே நின்றுவிட்டார் என்று பொருள். தட்டுக் கோப்பு இணைக்கப்படவில்லை, அல்லது நாம் மேலே கண்ட முத்திரை இல்லை. கிரப் மீட்பு என்னும் சொற்களுடன் வெறுந்திரை வந்தால், கடமை ஆசிரியர் வந்துவிட்டார், ஆனால் தன் பட்டியற் புத்தகத்தைக் காணாது திகைக்கிறார் என்று பொருள். அப்போது தட்டுகளையும் பங்குகளையும் வரிசைப்படுத்திக் காட்டும் கட்டளையைக் கொடுத்து, கிரப்பின் கோப்புகள் உள்ள பங்கைத் தேடி அதற்குச் சுட்டிக்காட்டினால் அது தன் வழியே செல்லும். பட்டியல் சரியாக வந்து, பிறீடொஸைத் தெரிந்ததும் திரை கறுத்து நின்றால், சுட்டிய எண்ணையும் இடம்மாற்றும் வரியையும் சரிபார்க்கவேண்டும். இவ்வாறு எங்கே நின்றது என்று முதலிற் கேட்டு, ஏன் என்று பின்னர் கேட்பது எல்லாத் துறைக்கும் ஏற்ற ஆய்வுமுறையாகும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இத்தனையும் எதற்காக என்று வினவும் பெற்றோருக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன். பழைய இயங்குதளத்தை ஏன் எழுப்பவேண்டும்? அதனுள் தமிழ் இருப்பதனாலேயே.

தமிழ் கணினிக்குள் புகுந்த காலத்தில் புலம்பெயர்ந்த தமிழரின் பங்கு பெரிது. 1980களிற் கனடாவிலிருந்து கலாநிதி சீனிவாசன் ஆக்கிய ஆதமி என்னும் தமிழ் எழுதி டொஸில் இயங்கியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு நிரல்களைத் தந்தார். 1990களில் ஈழத்தமிழர் வாழ்ந்த நாடுகளெங்கும் பாமினி எழுத்துரு பரவியது. விழா மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் அதிலேயே உருவாயின.

ஆனால் அவ்வெழுத்துருக்கள் கணினிக்குத் தமிழைக் கற்பிக்கவில்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் இட்டன. பாமினியில் தமிழ் என்று எழுதும்போது கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற கோலமாகத் தோன்றும். 1991ஆம் ஆண்டு வெளியான யூனிகோட் தமிழுக்குத் தனியிடம் வகுத்தது. விண்டோஸ் 2000 முதலாக அது மெல்ல நம் மேசைகளுக்கு வந்தது. அதற்கு முன்னர் எழுதப்பட்டவை பழைய வேடத்திலேயே நிற்கின்றன.

வெறும் உரைக் கோப்புகளாயின் அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல்கள் இலவசமாக உண்டு. அதற்குப் பழைய இயங்குதளம் வேண்டியதில்லை. ஆனால் பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு நிரல்களில் அமைத்தவற்றை முழுமையாகத் திறக்க அந்நிரலே வேண்டும். அந்நிரலின் இறுதிப் பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. விண்டோஸ் 3.1 காலத்து 16 இரும நிரல்களை இன்றைய 64 இரும விண்டோஸ் இயக்காது. ஆகவே உரிய அனுமதியுடன் வாங்கிய பழைய தட்டுகளை வைத்திருப்போர், விண்டோஸ் 98ஐத் தனித் தட்டுக் கோப்பில் நிறுவலாம். அதற்கு 256 மெகாபைற்று நினைவகம் ஒதுக்கினால் போதும். 512 மெகாபைற்றுக்கு மேற்பட்டால் அது தடுமாறும். அதனுள் எழுத்துருவையும் நிரலையும் நிறுவிப் பழைய மலரைத் திறந்து, போஸ்ற்ஸ்கிரிப்ற் கோப்பாக அச்சிட்டு வெளியே எடுத்தால், இன்றைய கணினியில் அதனை பீ.டீ.எஃப். ஆக்கிவிடலாம். பக்கம் அன்றிருந்தவாறே மீளும்.

எனினும் எல்லாவற்றிற்கும் முன்னர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. 1.44 மெகாபைற்று கொள்ளும் மூன்றரை அங்குல நெகிழ்தட்டின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் வலுவிழந்து வருகின்றது. அதன் மூலையிலுள்ள சிறு தாழைத் துளை தெரியும்படி நகர்த்தினால் அதன்மேல் ஒன்றும் எழுத இயலாது. அவ்வாறு காப்பிட்ட பின்னர், யூ.எஸ்.பி. வழி இணையும் வாசிப்பானைக் கொண்டு தட்டு முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுக்க வேண்டும். பின்னர் அப்படியை மட்டுமே மெய்நிகர் கணினியில் இணைத்து வேலை செய்தல் வேண்டும். மூலத்தைத் தொடலாகாது.

சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளாயினும் அவற்றைக் கண்ணால் வாசிக்க முடிந்தது. நெகிழ்தட்டைக் கண்ணால் வாசிக்க எவராலும் இயலாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது நாம் இழந்தவற்றை அறிந்தோம், அழுதோம், இன்றும் எழுதுகிறோம். அலுமாரித் தட்டுகள் அழிவதற்கு எவரும் தீயிட வேண்டியதில்லை. நாம் வாளாவிருந்தாலே போதும். அவ்விழப்பு எவருக்கும் தெரியவும் மாட்டாது.

ஊரை விட்டு வந்த பலரிடம் கடிதங்களும் நிழற்படங்களும் எஞ்சவில்லை. இந்நாடுகளுக்கு வந்தபின் நாம் எழுதியவையேனும் எஞ்சவேண்டும். இங்கு தொடங்கிய முதற் பாடசாலைகளின் வினாத்தாள்கள், சங்கங்களின் அறிக்கைகள், கையெழுத்து இதழ்களாகத் தொடங்கிக் கணினிக்கு மாறிய சிறு சஞ்சிகைகள் ஆகியன இக்குடியேற்ற வரலாற்றின் மூலச் சான்றுகள். மீட்டவற்றை ஒப்படைப்பதற்கும் இடமுண்டு. 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணி வருகின்றது.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெற்றோரிடம் தட்டுகள் உள்ளன. உங்களிடம் கணினி அறிவு உள்ளது. அவர்களுக்குத் தமிழ் தெரியும். உங்களுக்குக் கட்டளைகள் தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி இப்பணி நிறைவேறாது. முதலில் மெய்நிகர் கணினியொன்றை ஆக்கித் தொடக்கியைப் பழகுங்கள். பத்துத் தடவை பழுதாக்குங்கள்; பத்துத் தடவையும் திருத்துங்கள். கை பழகியதும் அலுமாரியைத் திறவுங்கள். உங்கள் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சிட்ட வரியொன்று திரையில் தமிழாகத் தோன்றுமாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகும்.